தோராயமான இடம்

ஃபோவிங்கலில் ஏறினால் தெருவுக்கு மேலே ஓடும்,
சொன்போர்ன் வந்ததும் ஆற்றுக்கு மேலே.
தண்டவாளத்தைப் பிடித்துத் தொங்குகிற ரயில் இது என்று
என் போனுக்கு யாரும் சொல்லவில்லை.
அதனால் விடியற்காலை ஐந்து நாற்பதுக்கு
வரைபடத்தில் என் நீலப் புள்ளி
வுப்பர் ஆற்றின் நட்டநடுவே
நீரோட்டத்துக்கு எதிராகப் போய்க்கொண்டிருக்கும்.
நீச்சல் தெரியாத எனக்கு
தினமும் எவ்வளவு எதிர்நீச்சல்!

மதியத்துக்குள் பற்றரி செத்துவிடுகிறதே என்று
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில்
பத்து நிமிட இடைவேளையில்
விரிப்பு மூட்டையின் மேல் உட்கார்ந்து
அமைப்புகளைத் திறந்தேன்.
செயலிகள் நூற்றுப் பன்னிரண்டு.
நான் வைத்தவை பதினாறு.
மற்றதெல்லாம் வீட்டோடு வந்த குடித்தனக்காரர்.
எல்லாவற்றையும் காட்டு என்றதும்
வரிசையில் வந்து நின்றார்கள்,
வாடகை கேட்கப்போகிறாள் என்று பயந்தவர்கள் போல.

ஒன்றுக்குப் படம் இல்லை.
வெறும் பச்சைச் சதுரம்,
பெயரில் பாதி புள்ளி, பாதி எழுத்து.
உனக்கு இங்கே என்ன வேலை என்று தட்டினால்
சேவை என்கிறது.
யாருக்கு?
நீக்கு என்கிற பொத்தான் வெளிறிக் கிடக்கிறது.
நிறுத்தினேன், நின்றது.
மூன்றாம் மெஷின் சுற்றி முடிவதற்குள்
அதே இடத்தில் அதே இல்லாத முகத்தோடு.
ஊர்பேர் தெரியாத ஒன்று
என் ஊரையும் பேரையும் தெரிந்து வைத்திருக்கிறது.
நேற்று இரவு பதினொன்று எட்டுக்கும் கேட்டிருக்கிறதாம்
நான் எங்கே என்று.
கட்டிய மனுசன்கூட அந்த நேரத்தில் கேட்பதில்லை.

எல்லாம் எழுதி வைத்திருக்கிறது.
மருந்துக்கடை ஆறு நிமிடம்.
துருக்கிக் கடை பதினெட்டு நிமிடம்.
(கத்தரிக்காயைத் தொட்டுப் பார்த்தேன்,
விலையைக் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.
அது அதற்குத் தெரியாது.)

தொண்ணூற்றெட்டில் ஓர் அறை.
எந்த நாள், எந்தப் பாதை, எந்த ஆறு?
இருட்டு என்றேன்.
தண்ணீர் கழுத்துவரை,
பின்னால் வந்தவள் என் பின்னலைப் பிடித்திருந்தாள்,
நான் போய்விடாமல் இருக்கவோ
அவள் போய்விடாமல் இருக்கவோ.
ஆற்றின் பெயர் கேட்டார்கள்.
எங்களை ஒருவரும் அறிமுகப்படுத்தவில்லை என்று
சொல்ல நினைத்தேன்.
மூன்று மணி இருக்கும், போலந்துப் பக்கம் இருக்கும்
என்று சொன்னேன்.
மொழிபெயர்க்க வந்த நாகேஸ்வரன்
கண்ணாடியைத் துடைத்தபடி,
"தோராயமாகச் சொல்லவேண்டாமாம், தங்கச்சி" என்றார்.
நம்பத்தக்கதல்ல என்று வந்த கடிதம்
பதினொரு வருடம் கைப்பையில் கிடந்து
மடிப்பில் கிழிந்து நாலாகிவிட்டது.

இப்போது மூட்டைமேல் இருந்து
ஒவ்வொன்றாய்க் கேட்கிறேன்.
வானிலை: பாவிக்கும்போது மட்டும்.
ரோச் லைட்: உனக்கெதற்கடி நான் இருக்கிற இடம்? வேண்டாம்.
பஞ்சாங்கம்: ராகுகாலம் ஊருக்கு ஊர் மாறுமாம்.
நியாயம், விட்டுவிட்டேன்.
பஸ் நேரம்: ஒரு சின்ன வட்டம், ஒரு பெரிய வட்டம்.
துல்லியமா, தோராயமா?

விரல் நின்றுவிட்டது.
இப்படியொரு பதில் இருக்கிறதா?
விரும்பினால் எடுத்துக்கொள்ளலாமா,
ஒருவரும் முகம் சுளிக்கமாட்டார்களா?

அழுத்தினேன்.
புள்ளி கரைந்து ஊரளவு அகன்றது.
பள்ளத்தாக்கு, ஆறு, பழைய ஆலைகள்,
ஈரத் துணியும் நானும் எல்லாம் அதற்குள்ளே.
இதற்குள் எங்கோ இருக்கிறேன்.
இதைத்தானே ஐயா அன்றைக்கும் சொன்னேன்.

பச்சைச் சதுரம் இன்னும் போகவில்லை.
வியாழக்கிழமை மாலைகளில் அதை
இருநூற்றுப் பதினாலாம் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுச்
சாவியை மணிக்கட்டில் மாட்டிக்கொள்கிறேன்.
அதன் கணக்கில்
ஐம்பது நிமிடம் அசையாமல் நிற்கிறாள் ஒருத்தி.
சுவருக்கு இந்தப் பக்கம்
ஆழமில்லாத முனையில்
கம்பியிலிருந்து கையை எடுக்கிறேன்.
நாலு முழம் இருக்கும்.
கொஞ்சம் தண்ணீரும் குடித்தேன்.